ஓரமாப் போ என்றால், ஓரம் எங்கே?

(ஆந்திராவின் கார்வேட்டிநகரத்தில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் பக்கத்து ஊரான புத்தூரை நேரில் பார்க்காத தமிழர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்தப் பெயரைப் பலகையில் படிக்காதவர்கள் குறைவு. சென்னையிலும் வேலூரிலும் எத்தனையோ தெருக்களில் ‘புத்தூர் கட்டு’ என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி இவற்றைக் கொண்டு முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுகிற வைத்தியம் உங்களுக்கு அடுத்த வீட்டுச் சங்கதி. பழைய நாளில் அங்கே பனையிலிருந்து விழுந்தவர் வந்திருப்பார். மாடு முட்டியவர் வந்திருப்பார். கிணற்றில் சறுக்கியவர் வந்திருப்பார். இன்றைக்கு அந்த வாசலில் போய் நின்று, “எப்படி முறிந்தது?” என்று வரிசையாகக் கேளுங்கள். வண்டி என்ற சொல் வராத பதில் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான் இன்று பேச வந்தது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

கட்டுப்போடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். அவர் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். எலும்பை ஒட்டவைப்பவர் எதற்காக டெல்லிக்குப் போனார்? ஒட்டவைத்து மாளவில்லை என்பதாகத்தான் நான் புரிந்துகொள்கிறேன். அந்த வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் உரிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்பு. ஆனால் கார்வேட்டிநகரத்தைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போகும் சாலையில் நின்று இந்தத் தீர்ப்பைப் படித்தால் ஒரு சந்தேகம் வரும். நடைபாதை என்பது பட்டணத்துச் சரக்கு. நம் ஊர்ச் சாலைக்கு நடைபாதை ஏது? நமக்கு இருப்பது ஓரம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும்போது அம்மா சொல்வது, “ஓரமாப் போ.” பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கத்துவது, “ஓரமாப் போய்யா.” அடிபட்டுக் கிடக்கிறவரைச் சுற்றி நிற்கும் கூட்டம் சொல்வதும், “ஓரமாப் போயிருக்கலாம்ல.” எல்லோரும் ஓரத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அந்த ஓரத்தை ஒருநாள் போய்ப் பார்ப்போம்.

கிராமத்துச் சாலையின் தார் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர். 2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளின் அளவு இது. வண்டி குறைவாக ஓடும் இடத்தில் 3 மீட்டர்கூட உண்டு. ஒரு பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். எதிரே ஒரு மாங்காய் லாரி வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஐந்து மீட்டர் வேண்டும். ஆகவே இரண்டில் ஒன்று, சில சமயம் இரண்டுமே, தாரை விட்டு இறங்கும். எங்கே இறங்கும்? ஓரத்தில்தான். நடப்பவருக்கு நாம் ஒதுக்கியதாக நினைக்கும் அந்த மண், வண்டிக்காரருடைய இரண்டாவது பாதை. சாலையை வடிவமைத்தபோதே கணக்கு அப்படித்தான் போடப்பட்டது. அதில் நடப்பவர் எங்கே நிற்பார் என்று யாரும் தனியாகக் கணக்குப் போடவில்லை.

அடுத்தது உயரம். பொறியாளர்கள் அந்த மண் ஓரத்தைப் ‘பெர்ம்’ என்பார்கள். சாலைக்கு மறுபடி தார் போடும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறுகிறது. பெர்மில் கிராவல் கொட்டி அதே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வேலையில் அடக்கம். தார் பளபளவென்று தெரியும், படம் எடுக்கலாம், திறப்பு விழா வைக்கலாம். கிராவலுக்கு விழா கிடையாது. பத்து வருஷத்தில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம் விழுந்துவிடுகிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள் என்று சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்குகிறார். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. திரும்ப ஏற்றப் பார்க்கும்போது சக்கரம் விளிம்பில் உரசி, ஆள் சாலைப் பக்கமாகவே விழுகிறார். பின்னால் வந்த வண்டி மேலே ஏறுகிறது. காவல் நிலையத்தில் இது ‘சைக்கிள் தடுமாறி விழுந்து’ என்று பதிவாகும். தடுமாற வைத்தது எது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் போதாது.

மிச்சமிருக்கும் ஓரத்தை நாமே தின்றுவிட்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். சீமைக்கருவேல முள் ஒரு பக்கம். எருக்குவியல், வைக்கோல் போர், வேர்க்கடலை உலர்த்தல், வீடு கட்ட இறக்கிய ஜல்லி இன்னொரு பக்கம். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாதது கணக்கில் சேராது, அது நிரந்தரம். அகலப்படுத்துவதற்காகப் புளியமரங்களை வெட்டினார்களே, அந்த மரங்களின் அடியில் பூசியிருந்த வெள்ளைப் பட்டைதான் இரவில் சாலை எங்கே முடிகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. நிழலும் போயிற்று, அடையாளமும் போயிற்று.

இந்தியா முழுதுக்குமான கணக்கைச் சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825. சைக்கிளில் போனவர்கள் 4,836. இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறத்தில் இறந்தார்கள். விபத்து என்றதும் நம் மனத்துக்குப் பட்டணத்து நெரிசல் வருகிறது. நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும். ஊர்ந்து போகும் வண்டி இடித்தால் சிராய்ப்பு. ஆளைக் கொல்வது காலியான சாலையின் வேகம். அது நம்மிடம்தான் இருக்கிறது.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடும். டிரைவர் ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை வினாடி போய்விடும். அதற்குள் 33 மீட்டர் கடந்தாயிற்று. அதன் பிறகு வண்டி நிற்க இன்னும் அவ்வளவு தூரம். ஆக சுமார் எழுபது மீட்டர். கீழ்நோக்கிய ஹெட்லைட் வெளிச்சத்தில் கறுப்புச் சேலை கட்டிய ஒரு பெண்மணி அத்தனை தூரத்தில் தெரியமாட்டார். கண்ணில் பட்டபோதே காலம் கடந்துவிட்டது. அதே கார் 40இல் வந்தால் 26, 27 மீட்டரில் நின்றுவிடும். டிரைவர் அதே ஆள், அந்தப் பெண்மணியும் அவரேதான், இருட்டும் மாறவில்லை. ஒரு எண் பாதியானது, உயிர் தங்கியது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்தின் வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவரும் சைக்கிளும் வண்டியும் ஒரே இடத்தில் கலக்கிற ஊர்ப்பகுதிகளில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு அறிவித்தது.

நம் நாட்டில் 2018 அறிவிக்கையின்படி சாதாரணச் சாலையில் காருக்கு உச்ச வேகம் 70. அது உச்சவரம்புதான். ஊருக்குள் அதைக் குறைத்து நிர்ணயிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆவது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. எத்தனை கிராமத்து நுழைவில் 30 என்று எழுதிய வட்டப் பலகையைப் பார்த்திருக்கிறீர்கள்? ‘நல்வரவு’ என்று அரசியல் கட்சிகள் வைக்கும் பலகை இருக்கும்.

பலகை மட்டும் வைத்தால் வேகம் குறையுமா என்று கேட்பீர்கள். குறையாது. சாலைதான் வேகத்தைச் சொல்கிறது. நேராக, அகலமாக, காலியாக இருந்தால் கால் தானாக அழுத்தும். ஊர் தொடங்கும் இடத்தில் சாலை குறுகினால், மேற்பரப்பு மாறினால், பள்ளிக்கு எதிரே நடப்பவர் கடக்கும் இடமே மேடாக உயர்ந்திருந்தால், எவ்வளவு பெரிய அவசரக்காரரும் நிதானிப்பார். நமக்குத் தெரிந்த ஒரே மருந்து வேகத்தடை. அதையும் நாம் போடுகிற விதம் இருக்கிறதே! ஒரு சாவு விழும். ஊர் கூடிச் சாலை மறியல் செய்யும். தாசில்தார் வருவார். மறுநாள் காலையில் ஒரு அடி அகலத்தில், அரையடி உயரத்தில் சிமென்ட் திண்டு ஒன்று முளைத்திருக்கும். பெயிண்ட் இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை. அடுத்த வாரம் பைக்கில் வரும் ஒருவர் அதில் ஏறி விழுவார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு இதற்கு அளவு வகுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேல்புறம் மெல்லிய வளைவு. அப்படிப் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி குலுங்காமல் ஏறி இறங்கும், அதைவிட வேகமாக வருபவருக்கு மட்டும் உறைக்கும். அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள். திண்டைக் கேட்காதீர்கள்.

இனி சைக்கிள். புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1991இல் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்புகளோடு சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் சேர்த்தார். கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் தட்டுப்பாடாக இருந்ததால் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸையும் எதிர்பார்க்காமல், அண்ணன், அப்பா, புருஷன் என்று யார் கையையும் எதிர்பார்க்காமல் தண்ணீர், விறகு, காய்கறிக் கூடை, பிள்ளை என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்கள் தாங்களாகவே புறப்பட்டார்கள்.

பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அதன் விளைவைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சிறுமிகளின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வருகிறது. இங்கேயும் ‘படிகொஸ்தா’ என்று ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். சைக்கிள் கொடுத்த அரசுகள் எல்லாம் ஒரு விஷயத்தை மறந்தன. சைக்கிள் ஒரு துறை, சாலை வேறு துறை. கல்வித் துறை கொடுத்த சைக்கிளை நெடுஞ்சாலைத் துறையின் அரையடிப் பள்ளத்தில் ஓட்டிப்போகிறாள் பதினான்கு வயதுப் பெண். ஒருநாள் ஒரு டிராக்டர் உரசிவிட்டுப் போனால் போதும், அடுத்த நாளிலிருந்து சைக்கிள் திண்ணையில் சாய்ந்துவிடும். பெண் பஸ்ஸுக்கு நிற்பாள், அல்லது நின்றே விடுவாள். அடிபட்டவர்களை மட்டும் எண்ணும் எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தப் பெண் வரமாட்டாள். பயத்தால் நின்றுபோன நடையையும் சைக்கிளையும் யார் எண்ணுகிறார்கள்?

என் வயதுக்காரர்களுக்கு ஒரு சங்கதி நினைவிருக்கும். விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் ஓட்டினால் போலீஸ்காரர் நிறுத்தி, டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். டபிள்ஸ் போனாலும் அதே தண்டனை. அந்தக் கெடுபிடியில் டைனமோ இல்லாத சைக்கிள் குறைவு. இன்று சைக்கிளில் கியர் இருக்கிறது, விளக்கு இல்லை. சைக்கிள்களில் ஒளி திருப்பும் பட்டைகள் தரமாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020இல் ஆணை போட்டது. பழைய சைக்கிள்களுக்கு யார் ஒட்டுவது? பஞ்சர் கடையிலேயே ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கி வைத்தால் தீர்ந்தது. சைக்கிளைவிட முக்கியம் டிராக்டர் டிரெய்லர். மாங்காய்க் காலத்தில் கூழ்த் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களின் பின்புறத்தைப் பாருங்கள். பின்விளக்கு இல்லாத இரும்புச் சுவர் அது.

பாத யாத்திரைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் திருத்தணியும் புத்தூரும் உங்கள் கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்தவை. 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாறி, திருத்தணி எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. வரைபடத்தில் கோடு விழுந்தது. நடக்கிறவர்கள் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இங்கிருந்து காவடி திருத்தணிக்கு வருகிறது. புரட்டாசியில் எங்கள் ஜனம் கோவிந்தா போட்டுக்கொண்டு திருமலைக்கு வருகிறது. வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடிகாலையிலும் நடப்பார்கள். அலிபிரியில் படியேறத் தொடங்கினால் கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அலிபிரி வரை வந்து சேரும் நீண்ட வழியில் பெரும்பகுதிக்குச் சாலையின் விளிம்புதான் துணை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களுக்காகச் சாலையோரமாகத் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தைப்பூசத்தில் ஒளிரும் பட்டைகளைக் கையில் கொடுக்கிறார்கள். முருகனுக்குச் செய்ததைப் பெருமாளுக்கும் செய்யலாம். ஒன்று நம் கையிலேயே இருக்கிறது: தனி நடைபாதை இல்லாத சாலையில் வண்டிக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் நடக்காமல், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கம் நடக்க வேண்டும். ‘இடப்புறம் செல்க’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது வண்டிக்காரர்களுக்கு. சைக்கிளும் அதில் அடக்கம்.

பஸ் நிறுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 15 முதல் இந்த மாநிலத்தில் பெண்களுக்குப் ‘பல்லெவெலுகு’ என்னும் கிராமத்து பஸ்ஸில் கட்டணம் இல்லை. எங்கள் பக்கம் 2021இலிருந்தே இல்லை. நல்லது. பஸ்ஸில் போகிறவர் எல்லாம் இரண்டு முனையிலும் நடக்கிறவர்தானே? இறங்கிய குழந்தை பஸ்ஸின் முன்புறமாக ஓடிச் சாலையைக் கடக்கிறது; பஸ்ஸை முந்துகிற வண்டிக்கு அது தெரியாது. பஸ் நகர்ந்த பிறகே கடப்பது என்ற ஒரு பழக்கத்தை முதல் வகுப்பிலேயே போட்டுவிட வேண்டும்.

தரைப்பாலங்களையும் விட முடியாது. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலையில் தண்ணீர் வந்து, பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகும். முழங்காலுக்குக் கீழே ஓடும் வேகத் தண்ணீரே ஆளைச் சாய்க்கும். இருபுறமும் வழிகாட்டிக் கல்லும், எந்த உயரத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று சிவப்புக் கோடு போட்ட கம்பமும் பெரிய செலவில்லை.

சித்தூரிலிருந்து தச்சூருக்கு ஆறு வழிச்சாலை வருகிறது. லாரிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் நமக்கு நல்லதுதான். ஆனால் அத்தகைய சாலையை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே அது விழுந்துவிட்டால், சுரங்கப் பாதை எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் வழி. ஒரு மைல் சுற்றச் சொன்னால் யாரும் சுற்றமாட்டார்கள். தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். குதிப்பவரைத் திட்டிப் பயனில்லை. சுரங்கப் பாதை இருக்க வேண்டிய இடத்தை வேலை முடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தரப்படி சாலையை வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு அதனால் ஒருவர் செத்தால், ஊனமானால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு லட்சத்துக்கு இன்று ஒரு நல்ல பைக் கூட வராது. இருந்தாலும், ‘விதி’ என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ‘பொறுப்பு’ என்று சட்டம் எழுதிவிட்டது. ஆனால் சட்டம் மட்டும் போதாது, கேட்கிறவர்களும் வேண்டும். நெதர்லாந்தைச் சைக்கிள் நாடு என்கிறார்கள். 1971இல் அங்கே சாலையில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர்கள் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் அந்த நாட்டுச் சாலைகள் மாறின.

இந்த ஊரில் ஆசிரியர்களை உருவாக்கும் டயட் நிறுவனம் இருக்கிறது. பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். நீங்கள் பாடம் நடத்தும் பள்ளிக்குப் பிள்ளைகள் வரும் வழியை அவர்களோடு ஒருநாள் நடந்து வாருங்கள். எங்கே பள்ளம், எங்கே முள், எங்கே வண்டி பறக்கிறது என்று அவர்களையே ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: அது யாருடைய சாலை? ஆர் அண்ட் பி என்னும் சாலை, கட்டடத் துறையின் சாலையா, பஞ்சாயத்துராஜ் சாலையா, தேசிய நெடுஞ்சாலையா? தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு வருஷக்கணக்கில் மேசை மாறிக்கொண்டே இருக்கும். சாலைப் பாதுகாப்புக்கென்று கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். பெற்றோர்களே, அடுத்த திங்கட்கிழமை போங்கள். மேம்பாலம் கேட்காதீர்கள், சிமென்ட் திண்டும் கேட்காதீர்கள். பள்ளிக்கு இருபுறமும் 30 கிலோமீட்டர் வேக எல்லை, 10 சென்டிமீட்டர் உயரத்தில் முறையான வேகத்தடை, தாரின் மட்டத்துக்குக் கிராவல் கொட்டி இறுக்கிய ஓரம் என்று மூன்றையும் எழுதி, பிள்ளைகள் வரைந்த படத்தையும் இணைத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.